மாஷ் திறனும் தண்ணீரும்: கேள்வி பதில்

முழுத் தானிய முறையில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சுற்றியே இருந்தன. ஒன்று, மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) எதிர்பார்த்த அளவு சர்க்கரை கிடைக்காதது. மற்றொன்று, தண்ணீரின் வேதியியல். இவ்விரண்டும் தொடர்புடையவைதாம் என்றாலும், பலர் நினைக்கும் அளவுக்கு நெருங்கிய தொடர்புடையவை அல்ல என்பதால் மாஷ் திறனிலிருந்தே தொடங்குகிறேன்: மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷில், கிடைக்கக்கூடிய சர்க்கரையில் எவ்வளவு விழுக்காடு கைக்கு வந்தது என்பதே அது.

கேள்வி: ஐந்து கிலோ மால்ட்டை 15 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சக்கையின் மேல் நீர் ஊற்றி அலசி, கொதிக்கவைப்பதற்கு முன் 25 லிட்டர் வோர்ட் (சர்க்கரை கரைந்த வடிநீர்) எடுத்தேன். அடர்த்தி 1.035 மட்டுமே வந்தது. ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஜிப்சம் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் சர்க்கரை எந்த இடத்தில் தொலைந்தது என்று கண்டுபிடியுங்கள். சாதாரண அடிப்படை மால்ட் ஒரு கிலோவிலிருந்து, ஒரு லிட்டர் அளவுக்குக் கணக்கிட்டால், ஏறத்தாழ 300 புள்ளிகள் கிடைக்கக்கூடும் (1.035 என்ற அடர்த்தி 35 புள்ளிகள்). ஐந்து கிலோவுக்கு 1500; அதை 25 ஆல் வகுத்தால் 60, அதாவது 1.060. உங்களுக்குக் கிடைத்தது 35 புள்ளிகள் என்பதால் திறன் சுமார் 58 விழுக்காடு.

இந்த இழப்பு இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிகழ்ந்திருக்க முடியும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமலே நின்றிருக்கலாம். அல்லது மாறிய சர்க்கரை வடிக்கப்படாமல் தானியச் சக்கையிலேயே தங்கியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. அலசல் நீர் ஊற்றுவதற்கு முன், மாஷை நன்றாகக் கிளறிவிட்டு, முதல் வடிப்பின் அடர்த்தியை அளந்துவிடுங்கள். கிலோவுக்கு மூன்று லிட்டர் என்ற விகிதத்தில் மாவுச்சத்து முழுவதும் மாறியிருந்தால் அது சுமார் 1.084 இருக்க வேண்டும். இரண்டரை லிட்டர் என்றால் 1.098, நான்கு லிட்டர் என்றால் 1.065. உங்களுடைய முதல் வடிப்பு 1.066 என்று காட்டினால் மாவுச்சத்தில் முக்கால் பங்குதான் மாறியிருக்கிறது. அரைப்பு, வெப்பநிலை, நேரம், பி.எச். (அமில-கார அளவு) ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள். 1.083 என்று காட்டினால் மாற்றத்தில் குறையில்லை, வடிப்பிலும் அலசலிலும்தான் குறை. அந்த நிலையில் எந்த உப்பைச் சேர்த்தும் பயனில்லை.

கேள்வி: அயோடின் சோதனையில் நிறம் மாறவில்லை. அப்படியானால் மாற்றம் முடிந்துவிட்டது என்றுதானே பொருள்?

வோர்ட்டில் கரைந்திருக்கும் மாவுச்சத்து மாறிவிட்டது என்று மட்டுமே பொருள். உடையாத பருப்புக்குள் தண்ணீர் புகவே இல்லையென்றால், அதிலுள்ள மாவுச்சத்து வோர்ட்டுக்கு வராது, அயோடினும் அதைக் காட்டாது. மாஷின் அடியிலிருந்து கொஞ்சம் சக்கையை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து, பெரிய துண்டுகளை விரலால் நசுக்கி, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். சுற்றியுள்ள நீர் பழுப்பாகவே இருக்க, நசுங்கிய துண்டின் நடுவில் மட்டும் கருநீலம் படருமானால், அரைப்பு போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. உமியிலும் சற்று நிறம் தெரியலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு நைசாக அரைக்க வேண்டும்?

உருளை இயந்திரத்தில் 0.9 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளி நல்ல தொடக்கம். கடையில் அரைத்து வாங்குவோருக்குப் பெரும்பாலும் இதைவிடக் கரடுமுரடான அரைப்பே கிடைக்கிறது, ஏனெனில் எந்த வாடிக்கையாளருக்கும் வடிப்பு அடைத்துக்கொள்ளக் கூடாது என்றே கடைக்காரர் நினைப்பார். அரைத்த மால்ட்டில் ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் பரப்பிப் பாருங்கள். முழு மணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு பருப்பும் குறைந்தது மூன்று நான்கு துண்டுகளாகியிருக்க வேண்டும். உமி மட்டும் கிழியாமல் இருக்க வேண்டும், வடிகட்டும் படுகையாக அமைவது அதுதான். கோதுமை மால்ட் பார்லியைவிடச் சிறியது, கடினமானது, உமியற்றது என்பதால் அதைத் தனியாக, 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டரில் அரைப்பது நல்லது. பையில் கட்டி மாஷ் செய்பவர்கள் இன்னும் நைசாக அரைக்கலாம், அவர்களுக்குப் பையே வடிகட்டி.

என் கணிப்பில், 60 விழுக்காட்டுக்குக் கீழே தவிப்பவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் இந்த அரைப்பிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் திறன் வெவ்வேறாக வருகிறது. ஒரு நாள் 62, மற்றொரு நாள் 78. செய்முறையை நான் மாற்றவே இல்லை.

அப்படியானால் முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள். ஹைட்ரோமீட்டர் (அடர்த்திமானி) 20 பாகை செல்சியஸுக்கு அளவிடப்பட்டது என்றால், 60 பாகைச் சூட்டில் உள்ள வோர்ட்டை அது சுமார் 15 புள்ளிகள் குறைத்துக் காட்டும், 1.050 என்பதை 1.035 என்று படித்துவிட்டுக் கவலைப்படுவீர்கள். திருத்த அட்டவணைகள் உண்டு என்றாலும், இவ்வளவு பெரிய திருத்தத்தை நம்புவதைவிட மாதிரியை மூடி, ஆறவைத்து அளப்பதே மேல். இரண்டாவதாக, முதல் வடிப்பு கனமானது என்பதால் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும், அலசல் வடிப்பு அதன் மேலே மிதக்கும். கிளறாமல் மேலாக எடுத்தால் ஓர் எண், அடிக்குழாயில் எடுத்தால் வேறோர் எண். மூன்றாவதாக, கொள்ளளவு: 25 லிட்டர் என்று நினைத்தது 23 ஆக இருந்தால், கணக்கில் எட்டு விழுக்காடு தவறிவிடும்.

கேள்வி: என் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், கால்சியம் 80, மக்னீசியம் 24, சோடியம் 28, பைகார்பனேட் 305, சல்பேட் 40, குளோரைடு 50 என்று உள்ளது. வெளிர்நிற பீருக்கு இந்தத் தண்ணீர் ஏற்றதா?

நேரடியாக ஏற்றதன்று. பைகார்பனேட்டை 0.82 ஆல் பெருக்கினால், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட காரத்தன்மை கிடைக்கும். உங்களுக்கு அது 250. மால்ட்டின் பாஸ்பேட்டுகளோடு கால்சியமும் மக்னீசியமும் வினைபுரிந்து அமிலத்தை வெளிவிடுவதால், அந்தக் காரத்தன்மையில் ஒரு பகுதி தானாகவே ஈடாகிவிடும். மிஞ்சுவதற்கு எஞ்சிய காரத்தன்மை என்று பெயர். பீர் ஆய்வாளர் கோல்பாக் 1953-இல் வகுத்த கணக்கு இது: காரத்தன்மையிலிருந்து, கால்சியத்தை 1.4 ஆல் வகுத்ததையும் மக்னீசியத்தை 1.7 ஆல் வகுத்ததையும் கழிக்க வேண்டும். 250-இலிருந்து 57-ம் 14-ம் கழிந்தால் 179. அவர் கணக்குப்படி ஏறத்தாழ இந்த அளவு எஞ்சிய காரத்தன்மை வோர்ட்டின் பி.எச்.ஐ 0.3 உயர்த்தும். வெளிர்நிற மால்ட் காய்ச்சி வடித்த நீரிலேயே 5.7 அல்லது 5.8-இல் நிற்கும் என்பதால், உங்கள் மாஷ் 6-ஐத் தாண்டிவிடும். நமக்கு வேண்டியதோ 5.2-க்கும் 5.6-க்கும் இடைப்பட்ட அளவு.

முதல் வேலையாக, பாதிக்குப் பாதி ஆர்.ஓ. நீர் கலந்துவிடுங்கள். ஆர்.ஓ. நீரில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய காரத்தன்மை 89 ஆகக் குறையும். மாஷ் நீர் 15 லிட்டருக்கு மூன்று கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சேர்த்தால் கால்சியம் 54, குளோரைடு 96 கூடி, எஞ்சிய காரத்தன்மை 50-ஐ ஒட்டி வந்துவிடும். கசப்பு தூக்கலாகத் தெரிய வேண்டிய பீர் என்றால் அதில் பாதியை ஜிப்சமாக மாற்றிக்கொள்ளுங்கள். மீதியை லாக்டிக் அமிலம் பார்த்துக்கொள்ளும். 88 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு மில்லிலிட்டர், பத்து லிட்டர் நீரின் காரத்தன்மையைச் சுமார் 58 குறைக்கும். ஆனால் மால்ட்டும் தன் பங்குக்கு எதிர்த்து நிற்கும் என்பதால் நீர்க்கணக்கை மட்டும் நம்பக் கூடாது. ஐந்து கிலோ மாஷுக்கு மூன்று மில்லிலிட்டரில் தொடங்கி, பதினைந்து நிமிடம் கழித்து அளந்து, தேவையானால் ஒவ்வொரு மில்லிலிட்டராகக் கூட்டுங்கள்.

இதனால் மாஷ் திறன் சில விழுக்காடு கூடலாம். ஆனால் உண்மையான பயன் பீரின் சுவையில்தான் தெரியும்: கசப்பு கரகரப்பின்றி இருக்கும், பின்சுவை நாக்கில் ஒட்டாது. அந்தச் சுவைக்காகவே தண்ணீரைத் திருத்துவது தகும்.

கேள்வி: பி.எச். மாஷின் சூட்டிலேயே அளப்பதா, ஆறவைத்து அளப்பதா?

ஆறவைத்தே அளக்க வேண்டும். மாஷின் சூட்டில் உண்மையான பி.எச். 0.2 முதல் 0.3 வரை குறைவாக இருக்கும், ஏனெனில் சூட்டில் அமிலங்கள் கூடுதலாகப் பிரிகின்றன. மீட்டரின் தானியங்கி வெப்பத் திருத்தம் இதைச் சரிசெய்யாது, அது மின்முனையின் மாற்றத்தை மட்டுமே திருத்தும். மேலே சொன்ன 5.2–5.6 அறை வெப்பநிலைக்கு உரியது. ஒவ்வொரு முறையும் 7, 4 என்ற இரண்டு கரைசல்களிலும் மீட்டரைச் சரிபாருங்கள். மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் வைக்காமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். பி.எச். என்ற அளவுகோலே 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், சோரன்சென் என்பவரால் வகுக்கப்பட்டது. பீர் ஆலை ஒன்றின் ஆய்வகத்திலிருந்து வந்த அளவுகோல் என்பதால், அதைக் கவனத்தோடு கையாள நமக்குக் கூடுதல் காரணம் உண்டு.

கேள்வி: வீட்டில் உப்பு போட்டு இயங்கும் மென்நீர்க் கருவி உள்ளது. அந்த நீர் போதுமா?

வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. காரத்தன்மையை அப்படியே விட்டுவிடுகிறது. கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடியுங்கள்.

கேள்வி: பீரில் மருந்து வாடை அடிக்கிறது.

குழாய் நீரிலுள்ள குளோரின் அல்லது குளோரமின் மால்ட்டின் பீனால்களோடு சேர்வதால் வருவதாக இருக்கலாம். குளோரின் கொதிக்கவைத்தால் போய்விடும், குளோரமின் எளிதில் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் பாதி, நாற்பது லிட்டருக்குப் போதும். சில நிமிடங்களில் இரண்டையும் நீக்கிவிடும். அலசல் நீரையும் சேர்த்தே சுத்திகரியுங்கள். அப்படியும் வாடை நீங்காவிட்டால் காட்டு ஈஸ்ட் கலப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டவுட் (கரிய பீர் வகை) காய்ச்சும்போது மட்டும் பி.எச். 5.0-க்குப் போய்விடுகிறது, சுவையும் கூர்மையாகிறது. ஆர்.ஓ. நீர்தான் பயன்படுத்துகிறேன்.

கருக வறுத்த மால்ட் அமிலத்தன்மை உடையது. அதைத் தாங்கிக்கொள்ள உங்கள் நீரில் காரத்தன்மையே இல்லை. டப்ளினின் காரத்தன்மை மிகுந்த நீருக்குக் கரிய பீர் ஒத்துவந்ததும், பில்சனின் மிக மென்மையான நீருக்கு வெளிர்நிற லாகர் ஒத்துவந்ததும் இந்தக் காரணத்தால்தான். சமையல் சோடாவை ஒரு கிராம், இரண்டு கிராம் என்று சேர்த்து 5.4-க்குக் கொண்டுவாருங்கள். சுண்ணாம்புத் தூள் மாஷில் சரியாகக் கரையாது என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அல்லது கருத்த மால்ட்டைக் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் மட்டும் சேர்க்கலாம். மாஷ் அதுவரை அதன் அமிலமின்றியே நடந்து முடிந்திருக்கும்.

கேள்வி: திறனைக் கூட்டுவதற்காகக் கூடுதலாக அலசுகிறேன். இப்போது பீர் துவர்க்கிறது.

வடிப்பின் அடர்த்தி 1.010-ஐ நெருங்கியதும் அலசலை நிறுத்திவிடுங்கள். சர்க்கரை குறையக் குறைய பி.எச். மாறாமல் தாங்கும் மால்ட்டின் தன்மையும் குறைந்து, அலசல் நீரின் காரத்தன்மை மேலோங்குகிறது, பி.எச். 5.8-ஐத் தாண்டினால் உமியிலிருந்து டானின் (துவர்ப்புப் பொருள்) இறங்கத் தொடங்கும், 77 பாகைக்கு மேல் அது இன்னும் எளிதாகும். அலசல் நீரையும் அமிலமிட்டு 5.5 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான திறனில் துவர்ப்பற்ற பீர் கிடைக்குமானால், இன்னும் கொஞ்சம் மால்ட் போடுவதையே நான் விரும்புவேன்.

கேள்வி: வழக்கமாக 75 விழுக்காடு கிடைக்கும். பார்லி ஒயின் (மால்ட் மிகுந்த கடுமையான பீர்) காய்ச்சியபோது 60 ஆகிவிட்டது. என்ன தவறு நடந்தது?

எந்தத் தவறும் இல்லை. ஒவ்வொரு கிலோ தானியமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வோர்ட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மால்ட் கூடும்போது பிடிபடும் அளவும் கூடுகிறது, பிடிபடும் வோர்ட்டும் கெட்டியாகிறது, அலச மிஞ்சும் நீரோ குறைந்துவிடுகிறது. இத்தகைய பீருக்குத் தொடக்கத்திலேயே 60 என்று வைத்து மால்ட்டைக் கணக்கிடுங்கள். அல்லது கூடுதலாக அலசி, நீண்ட நேரம் கொதிக்கவைத்து வற்றச் செய்யுங்கள். சக்கையை எறியாமல், அதன்மேல் மீண்டும் 68 பாகை நீரை ஊற்றி, இரண்டாவது வடிப்பைத் தனிப் பாத்திரத்தில் எடுத்தால், அதிலிருந்து மெல்லிய பீர் ஒன்றைத் தாராளமாகக் காய்ச்சிக்கொள்ளலாம். அடர்த்தியை அளந்த பிறகு கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் அளவை முடிவு செய்யுங்கள்.