முகத்துக்குள் மரம் விரிவதுபோல் படம் செய்வது எப்படி?

ஒருவரின் முகத்துக்குள்ளேயே மரக்கிளைகள் விரியும் அந்தக் கனவுப் படத்தை போட்டோஷாப்பில் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு டபுள் எக்ஸ்போஷர் என்று பெயர். ஃபிலிம் காலத்தில் ஒரே ஃபிலிமில் இரண்டு முறை ஒளி விழவைத்து இதைச் செய்தார்கள்.

பாதி வேலை படத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் பக்கவாட்டாகத் திரும்பிய முகம் வேண்டும். மூக்கு, உதடு, தாடைக் கோடு தெளிவாகத் தெரியட்டும். அதன் மேல் மரப் படத்தைத் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக வைத்து, அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோடை ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். ஸ்கிரீன் வெளிச்சத்தை மட்டுமே கூட்டும். அதனால் வெள்ளைப் பின்னணி வெள்ளையாகவே நிற்கும்; கூந்தல், கழுத்தடி நிழல் போன்ற இருண்ட இடங்களில்தான் கிளைகள் முளைக்கும். முகம் வெளுத்துப்போனால், முகப்படத்தை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மர லேயருக்கு மாஸ்க் (படத்தை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டு, ஓரம் மென்மையான கறுப்பு பிரஷ்ஷை 20 சதவீத ஓபாசிட்டியில் (அடர்த்தியில்) வைத்து, கண்ணின் மேல் மெல்லத் தடவுங்கள். இலைகள் விலகி, இமைமுடி ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும்போது படத்துக்கு உயிர் வந்துவிடும். எரேசர் மட்டும் வேண்டாம். மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளை பிரஷ்ஷால் எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். போட்டோஷாப் இல்லையா? சரி, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவை எல்லாமே உண்டு.