டோல் ரோடு நம்பர் பிளேட்: எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: நியூயார்க்கில் "லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே" என்று எழுதிய பழைய நம்பர் பிளேட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசல் என்று தரகர் சான்றிதழ் தருகிறார். இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் அது யாருடைய கார் என்றும் கண்டுபிடித்துத் தருவாராம். நம்பலாமா?

பதில்: அந்தக் கூடுதல் பணத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட் ஜூனியர் நடத்திய கார் பந்தயத்தில் 1906ல் வேடிக்கை பார்த்த ஒருவர் இறந்துபோக, பொதுச் சாலையே வேண்டாம் என்று அவர் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து போட்ட தனியார் கட்டணச் சாலைதான் இந்த மோட்டார் பார்க்வே. 1908ல் திறந்தபோது கட்டணம் 2 டாலர். வருடச் சந்தா கட்டியவர்களுக்குக் கம்பெனியே தனியாகப் பிளேட் கொடுத்தது. ஆக, அதில் இருப்பது கம்பெனியின் எண், நியூயார்க் மாநிலம் கொடுத்த பதிவு எண் வேறு. சில தரகர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இந்த எண்ணை மாநிலப் பதிவேட்டில் தேடி, அங்கே கிடைக்கிற யாரோ ஒருவர் பெயரைப் பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள்.

சான்றிதழும் அப்படித்தான். விற்கிறவரே எழுதிக் கொடுக்கும் தாளுக்கு என்ன மதிப்பு? ஏலக் கம்பெனிகள் பட்டியலில் "அரியது" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உத்தரவாதம் இல்லை என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கின்றன. இதைக் கேட்க ஆளே இல்லை, எரிச்சலாக வருகிறது.

சரி, தகட்டைப் பாருங்கள். வரி பாக்கிக்காக 1938ல் சாலையையே அரசிடம் ஒப்படைத்துவிட்டார்கள், எனவே 1908க்கு முந்தைய, 1938க்குப் பிந்தைய வருடம் போட்டிருந்தால் பேச்சே வேண்டாம். காந்தம் ஒட்டினால் அசல் என்பார்கள், நேற்று அடித்த இரும்புத் தகட்டிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும். திருகு ஓட்டைகளைச் சுற்றி போல்ட் அழுத்திய தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெயின்ட் புதிதாக இருக்கிறது என்பதற்காகவே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தாத்தாவின் பிளேட் மங்கிப்போய்விட்டதே என்று பேரன் ஆசையாகப் பெயின்ட் அடித்திருப்பான், அதுவும் அசல்தான், விலை மட்டும்தான் குறையும். பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டுமே அடிப்பார்கள் என்பதால் பின்பக்கத்தையும் ஓட்டைகளின் உள்விளிம்பையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பழைய பெயின்ட்டும் துருவும் அங்கே தெரியும். பின்பக்கமும் புத்தம் புதிதாக இருந்தால், அல்லது படம் அனுப்பவே தயங்கினால், விட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்ததை மறைத்து விற்றால் அது ஏமாற்று, சொல்லிவிட்டு விற்றால் நேர்மையான வியாபாரம்.

அப்புறம், உரிமையாளரைத் தேட எண்ணை விட்டுவிட்டு வீட்டிலிருந்து தொடங்குங்கள். எந்தக் குடும்பத்துச் சாமான்களோடு இது வந்தது என்று கேளுங்கள். குடும்பப் பெயர் கிடைத்தால் நியூயார்க்கின் பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களை இணையத்தில் காசில்லாமலே தேடலாம். அதே பிளேட்டோடு கார் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று அந்த வீட்டு ஆல்பத்தில் இருந்தால், அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.