மறதிநோய் உள்ள அம்மாவை 72 வயது அப்பா தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அவரை வாட்ஸ்அப் ஆதரவுக் குழுவில் சேர்த்துவிட்டால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாக் குழுவிலும் இல்லை.

நானும் உங்கள் அப்பா கட்சிதான். வீட்டுக்காரிக்கு அல்சைமர் என்ற மறதிநோய், பிள்ளைகள் வெளியூரில். டாக்டர் மாத்திரை எழுதித் தருவார், ஸ்கேனைக் காட்டி விளக்குவார். குளிக்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை எப்படிக் குளிப்பாட்டுவது என்பதற்கு மட்டும் சீட்டு கிடையாது. குழுவில் கேட்டேன். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "எடுத்ததும் தலையில ஊத்தாதீங்கண்ணா, பயந்துடுவாங்க. ஸ்டூல்ல உட்கார வச்சு, தோள்ல ஒரு துண்டைப் போத்துங்க. முதல்ல பாதத்துல வெதுவெதுன்னு ஊத்துங்க. இன்னொரு மக்கை அவங்க கையிலயே குடுத்துடுங்க." இன்றுவரை எங்கள் வீட்டில் குளியல் அப்படித்தான் நடக்கிறது.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது என்பது 2023இல் வெளியான ஆய்வின் கணிப்பு. அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் ராத்திரி விழித்திருக்கிறார். இரண்டு மணிக்கு "ஊருக்குப் போகணும், பஸ் வந்துடும்" என்று அவள் பையைத் தூக்கினால் அந்த நேரத்தில் மகளை எழுப்பவா முடியும்? குழுவில் போட்டால் யாராவது ஒருவர் "இங்கேயும் அதே கதைதான் சார்" என்பார். அவளுடைய பஸ் பேச்சு நிற்கப்போவதில்லை, ஆனால் நம் கோபம் கொஞ்சம் இறங்கும்.

உருப்படியான தகவலும் வரும். ஒரே நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடக் கூடாது, சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்குக் குழுவில்தான் தெரிந்தது. நவம்பரில் பென்ஷன் ஆயுள் சான்றிதழுக்கு அவளை அலைக்கழிக்காமல், வீட்டிலேயே செல்போனில் முகத்தைக் காட்டி முடிக்கலாம் என்பதும் அப்படித்தான். துணை இறந்துபோன பிறகும் விலகாமல் இருக்கும் சிலர் எங்கள் குழுவில் உண்டு. பதில் சொல்வதில் அவர்கள்தான் முதல் ஆள். எல்லாக் கட்டத்தையும் பார்த்து முடித்தவர்கள் அல்லவா!

மாத்திரை விஷயத்தில் மட்டும் குழு பேச்சைக் கேட்கவே கூடாது. "எங்க வீட்டுக்காரருக்கு இதைக் குடுத்தேன், நல்லாத் தூங்கினார்" என்று யாராவது அட்டையைப் படம் எடுத்துப் போடுவார்கள். ஆவேசத்தை அடக்கத் தரும் சில மனநல மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் உயிராபத்தையும் கூட்டும். டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. அப்புறம் மூலிகைத் தைலம் விற்பவர்கள். குட் மார்னிங் பூங்கொத்து, அரசியல், தைலம் மூன்றையும் துரத்துகிற அட்மின் இருந்தால் அந்தக் குழுவை நம்பிச் சேரலாம். முப்பது நாற்பது பேருக்கு மேல் போனால் என் கணக்கில் அது சந்தைதான்.

எங்கே தேடுவது? அம்மாவைக் காட்டும் மருத்துவமனையின் நினைவாற்றல் கிளினிக்கில் முதலில் கேளுங்கள். ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. எனப்படும் இந்திய அல்சைமர் சங்கத்திடமும் விசாரிக்கலாம். 14567 என்ற இலவச முதியோர் உதவி எண்ணையும் அப்பாவின் போனில் பதிந்து வையுங்கள்.

சேர்ந்த புதிதில் அப்பா ஒன்றும் பேச மாட்டார். ஆண்கள் நாங்கள் அப்படித்தான், பெண்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே ஓட்டுவோம். அதுவும் பயன்தான், அவசரப்படுத்தாதீர்கள். டைப் செய்யச் சிரமம் என்றால் மைக் பட்டனை மட்டும் காட்டிக்கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, குழுவை மியூட்டிலும் போட்டுவிடுங்கள். அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார், அந்த நேரம் பார்த்து டிங் டிங் என்று அடித்தால் அப்பா போனையே அணைத்துவிடுவார்.