தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் வரும் சத்தம்: ‘நார்மல்தான் சார்’ என்பதை நம்பலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன், வேலை ஓசூரில். 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் மேனுவல் செடான் வாங்கி ஒன்றேகால் வருடம் ஆகிறது. 19,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று சத்தங்கள் என்னைக் குழப்புகின்றன. காலையில் செல்ஃப் எடுத்ததும் ஒரு நிமிடத்துக்கு டீசல் வண்டி மாதிரி ‘டக டக’ என்ற கரகரப்பு. சமதளத்தில் 80, 90 வேகத்தில் காலை லேசாக வைத்துப் போகும்போது சில நேரம் அடித்தொண்டையில் உறுமுவது போன்ற சத்தம். மூன்றாவது, சேலம் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் மிதித்தால் தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல ‘கல கல’ என்கிறது. சர்வீஸ் சென்டரில் மூன்றுக்கும் ஒரே பதில்: “இந்த வண்டிக்கு இது நார்மல்தான் சார்.” எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, பிரித்துப் பார்க்கணும் என்கிறார். ரீமேப் செய்தால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றினால், சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதல் இரண்டு சத்தங்களில் சர்வீஸ் சென்டர் சொன்னது சரி. மூன்றாவதில் இல்லை. அதை இன்றிலிருந்தே கவனியுங்கள். பெரும்பாலும் பைசா செலவில்லாமல் நிறுத்திவிடலாம்.

செயின் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் இன்ஜினில் டைமிங் செயினே கிடையாது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பல்வைத்த பெல்ட். அதனால் தளர்ந்த செயின் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. செயின் உள்ள வண்டிகளில், ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் கிளப்பும்போது, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் வந்து சேரும்வரை இரண்டு மூன்று வினாடிக்கு ‘கர்ர்’ என்று செயின் அடிக்கும். அவர் நிறையப் பார்த்திருப்பார். ஆனால் அது வினாடிக் கணக்கில் அடங்கிவிடும் சத்தம். உங்களுடையது ஒரு நிமிடம் நீடிக்கிறது.

இப்படி ஒவ்வொரு சத்தத்திலும் ‘எப்படிக் கேட்கிறது’ என்பதைவிட ‘எப்போது வருகிறது’ என்பதுதான் அதிகம் சொல்லும். ஒருவருக்கு ‘டக டக’ என்பது இன்னொருவர் காதில் ‘கட கட’. வாயால் சத்தம் போட்டுக் காட்டி இன்ஜின் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) ஏறினால் சத்தமும் வேகமெடுக்கிறதா, இல்லை வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறுகிறதா? மிதிக்கும்போதா, காலை எடுத்ததுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

காலைக் கரகரப்புக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. பழைய பெட்ரோல் கார்களில் எரிபொருள் அழுத்தம் மூன்று நான்கு பார் இருக்கும். இந்த இன்ஜினில் அது 350 பார் வரை போகும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்பை கேம்ஷாஃப்ட்தான் தட்டித் தட்டி இயக்குகிறது. இன்ஜெக்டர்களும் படபடவென்று திறந்து மூடுகின்றன. அதோடு, கிளப்பிய உடனே சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க, கம்ப்யூட்டர் ஐட்லிங்கைக் கூட்டி, தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. எல்லாம் சேர்ந்து டீசல் மாதிரிக் கேட்கும். ஆர்.பி.எம். முள் கீழே இறங்கியதும் சத்தமும் இறங்கினால் கவலை வேண்டாம். சூடான பிறகும் இன்ஜினின் மேல்பக்கத்தில் ‘டிக் டிக்’ ஓங்கிக் கேட்டால் முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பாருங்கள். டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். சர்வீஸுக்கு சர்வீஸ்தான் பார்ப்பேன் என்று இருக்கக் கூடாது.

சமதள உறுமல் இன்னும் சுலபம். சுமை குறைவாக இருக்கும்போது இந்த இன்ஜின் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவிட்டு மீதி இரண்டில் ஓடும், எரிபொருளை மிச்சம் பிடிக்க. நான்கு சிலிண்டரின் தாளம் இரண்டாகக் குறைவதால் சத்தம் கனத்துக் கேட்கிறது. அடுத்தமுறை உறுமும்போது மீட்டர் திரையைப் பாருங்கள், இரண்டு சிலிண்டரில் ஓடுவதாகக் காட்டும். காலை அழுத்தியதும் சத்தம் போய்விடும்.

இப்போது தொப்பூர். சில்லறை குலுங்குகிறது என்று நீங்கள் எழுதியதை மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அந்த அதிர்வு அலை சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் உங்கள் காதில் விழும் ‘கல கல’.

அது ஏன் தொப்பூரில் மட்டும்? சேலம் பக்கமிருந்து வரும்போது அது நீண்ட ஏற்றம். முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். வேகம் 55-க்கு இறங்கிவிடும், நீங்களோ ஐந்தாவது கியரிலேயே இருப்பீர்கள். இன்ஜின் 1,400 சுற்றில் இருக்கும்போது இடம் கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். இந்த இன்ஜின் தன் முழு 250 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது இழுவிசையை, தருவது 1,600 சுற்றுக்கு மேல்தான். அதற்குக் கீழே டர்போ காற்றைத் திணிக்கிறது, பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, கலவை அதிக நேரம் அழுத்தத்திலும் சூட்டிலும் மாட்டிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் போதிய காற்று கிடைக்காது. வெடிக்கத் தோதான நிலை அத்தனையும் ஓரிடத்தில் கூடிவிடுகிறது.

சாதாரண நாக்கிங்கை வண்டியே சமாளித்துக்கொள்ளும். இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்ற ஒரு காது இருக்கிறது. அது கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளும். ஒன்றிரண்டு முறை கலகலத்து அடங்கினால் சென்சார் வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் சிறிய டர்போ இன்ஜின்களுக்கே உரிய இன்னொரு ஆபத்து இருக்கிறது. குறைந்த சுற்றில் கடும் சுமை கொடுத்தால், சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளியோ கரித்துகளோ, பிளக் பற்றவைப்பதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். தீப்பொறிக்கு முன்பே நடப்பதால் தீப்பொறியைத் தள்ளிப்போட்டு அதைத் தடுக்க முடியாது. ‘டொக்’ என்று ஒரே ஒரு பலத்த அடி கேட்கும். கடுமையாக இருந்தால் அந்த ஓர் அடியிலேயே பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம். இதைக் கட்டுப்படுத்தவே ஆயில் தரத்தையே மாற்றினார்கள்: அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் (ஏபிஐ) தரக்குறியீடுகளான ஏபிஐ எஸ்என் பிளஸ் 2018-லும், ஏபிஐ எஸ்பி 2020-லும் வந்தன. ‘எல்லா ஆயிலும் ஒண்ணுதான் சார்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டிக் கையேட்டில் எந்தத் தரக்குறியீடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள். டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுத்தமுறை ஏற்றத்தில் மிதிப்பதற்கு முன் மூன்றாவது கியருக்கு இறங்குங்கள். சுற்று 2,500 பக்கம் போகட்டும், பயப்படாதீர்கள். மைலேஜ் கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும். கலகலப்பு அறவே நின்றுவிட்டால் வண்டியில் கோளாறில்லை, கியர் போடும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அதிக சுற்றிலும் கேட்டால் விஷயம் வேறு: மோசமான பெட்ரோல், பிளக், கரி படிவு, சென்சார் என்று போகும். அப்போது ஒருமுறை டேங்க் காலியாகும் நிலைக்கு வந்ததும் கூட்டமுள்ள நல்ல பங்க்கில் எக்ஸ்பி95 அல்லது அதற்கு இணையான உயர் ஆக்டேன் பெட்ரோல் (நாக்கிங்கைத் தாங்கும் திறன் அதிகமுள்ளது) நிரப்பி, மறுபடி ஓர் ஏற்றத்தில் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் பந்து சர்வீஸ் சென்டர் பக்கம் போய்விட்டது. தொப்பூரில் சோதனை ஓட்டம் வேண்டாம், அந்தக் கணவாயில் விபத்துக்குப் பஞ்சமில்லை. ஓசூருக்குப் போகும் வழியில் ராயக்கோட்டை பக்கம் கூட்டமில்லாத ஏற்றம் ஏதாவது கிடைத்தால் விடிகாலையில் அங்கே பாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் நாக்கிங் வருகிறது என்று இப்போது டீக்கடைவரை பேச்சு. மைலேஜ் குறைகிறது என்று திட்டுங்கள், அதில் நியாயம் உண்டு. நாக்கிங்குக்கு அதைத் திட்ட முடியாது. எத்தனாலின் ஆக்டேன் பெட்ரோலைவிட அதிகம். பங்க் தொட்டியில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் அது வேறு கதை: வண்டி திணறும், குலுங்கும், செக் இன்ஜின் விளக்கு மின்னும்.

இந்தச் சந்தடியில் போலிச் சத்தங்களிலும் ஏமாறாதீர்கள். நம் மாவட்டங்களில் கிரானைட் லாரி ஓடும் சாலைகளில் ஜல்லிச் சில் டயர் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, வண்டி வேகமெடுக்க எடுக்க ‘டிக்டிக்டிக்’ என்று கேட்கும். இன்ஜின் போய்விட்டது என்று பதறி வந்தவரின் டயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் உரசி, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் ஸ்க்ரூ கழன்றாலும் சத்தம் பயங்கரமாக இருக்கும். சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே தொடங்கிய கடகடப்பு என்றால் முதல் சந்தேகம் அந்தத் தட்டின் மேல்தான். நியூட்ரலில் நிற்கும்போது கடகடத்து, கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஸ்டெதாஸ்கோப் எல்லாம் தேவையில்லை. தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீருக்குப் போடும் 16 மி.மீ. கறுப்புக் குழாய் ஒரு மீட்டர் போதும், பாலக்கோட்டில் அதற்கா பஞ்சம். பானெட்டைத் திறந்து, ஐட்லிங்கில் விட்டு, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை இன்ஜினின் மேல், கீழ், பெல்ட் பக்கம் என்று அருகில் காட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சட்டென்று சத்தம் ஓங்கும். அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம். தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் செயின் எதுவும் வேண்டாம். ஓடும் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கையையும் குழாயையும் தள்ளியே வையுங்கள்.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் ஆராய்ச்சி கூடாது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனமாக ‘டொம் டொம்’ என்று, சூடாகச் சூடாக அதிகமாகி, ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். பேரிங் போகிறது. ‘பக்கத்து ஊர்வரை ஓட்டிவிடலாம்’ என்று ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து போகும். டர்போ சைரன் மாதிரி ஊளையிட்டு நீலப்புகை வந்தாலும் இதே கதைதான்.

மறுபடி சர்வீஸ் சென்டர் போகும்போது வெறும் வாயோடு போகாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆர்.பி.எம். மீட்டரும் சத்தமும் ஒன்றாகப் பதிவாகும்படி வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டில் ‘பொதுவான சத்தம்’ என்று எழுதவிடாதீர்கள். ‘ஏற்றத்தில், இன்ஜின் சூடான நிலையில், 2,500 சுற்றிலும் நாக்கிங் சத்தம்’ என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டி முடிந்தபின் இதே கோளாறு பெரிதானால் அந்தத் தாள்தான் பேசும். அவர்களுடைய டெக்னீஷியனை ஏற்றிக்கொண்டு நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஸ்கேனரில் பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாதது) கோடுகளோ, நாக் சென்சார் சுற்றுக்கான பி0325-ஓ பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் சில நேரம் உள்ளே பதிவு இருக்கும். அத்தனைக்கும் பிறகும் ‘நார்மல்’ என்றே சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரீமேப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது டர்போ அழுத்தத்தைக் கூட்டும், தீப்பொறியை முன்னுக்கு இழுக்கும். இரண்டுமே நாக்கிங்குக்குத் தீனி போடுபவை. கம்பெனி விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியை எடுத்துத்தான் கூடுதல் பவர் காட்டுகிறார்கள். வாரண்டிக் காலத்தில், அதுவும் நாக்கிங் புகாரோடு நிற்கும் வண்டியில், வேண்டவே வேண்டாம். பிறகு இன்ஜின் பிரச்சினை என்று போய் நின்றால் சர்வீஸ் சென்டர் முதலில் பார்ப்பது கம்ப்யூட்டரில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பதைத்தான்.