பழைய புரோகிராம் கல்குலேட்டர்களின் பெயருக்குக் கடைசியில் வரும் எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். எச்பி (ஹியூலெட்-பேக்கர்ட்) கொம்பனியின் எச்பி-25, எச்பி-25சி என்று இரண்டு இருக்கிறதே, அந்த சி சும்மா விளம்பரத்துக்குப் போட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கேயோ பழையது ஒன்று விலைக்கு வந்து, எடுக்கலாமா விடலாமா என்று நிற்கிறீர்கள் போலிருக்கிறது, அதனால் முதலில் பதில். 25 வந்தது 1975இல். 49 படி, அதாவது 49 கட்டளை வரை புரோகிராம் எழுதலாம், ஆனால் சுவிட்சை அணைத்தால் எழுதியது எல்லாம் போய்விடும். அடுத்த வருடம் வந்த 25சியில் மிகக் குறைந்த மின்சாரத்தில் உயிரோடு இருக்கும் சீமோஸ் நினைவகம் வைத்தார்கள், அணைத்தாலும் புரோகிராம் அப்படியே இருக்கும். அந்த அழியாத நினைவகத்துக்குத்தான் சி. இதையா சும்மா என்கிறீர்கள்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்றால், 80களின் தொடக்கத்தில் நான் இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் ஒரு நில அளவையாளரிடம் அளவைச் சங்கிலி பிடிக்கிற வேலை பார்த்தேன். தோட்டத்து எல்லை அளக்கும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் திசைக்கோணமும் தூரமும் எடுத்து, அதை வடக்கு தெற்கு எவ்வளவு, கிழக்கு மேற்கு எவ்வளவு என்று பிரித்து, எல்லாவற்றையும் கூட்டி, தொடங்கின இடத்துக்கே வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மடக்கை அட்டவணையை வைத்துச் செய்தால் இரவாகிவிடும். இந்தக் கருவிகளில் கோணத்தையும் தூரத்தையும் கொடுத்தால் இரண்டு பக்கத்தையும் பிரித்துத் தரும் விசை ஒன்று உண்டு, அதைச் சுற்றி ஒரு சின்னப் புரோகிராம் எழுதிவிட்டால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் மலையில் நாள் முழுக்கக் கருவியைப் போட்டே வைக்க முடியாது, பற்றரி தாங்காது. மழை வந்தால் அணைத்துப் பைக்குள் வைக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது புரோகிராம் இல்லையென்றால் அந்தக் கருவியால் என்ன பிரயோசனம்?

எங்கள் அளவையாளர் சேர் கருவி ஒன்று வாங்கக் கண்டிக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் எச்பி-33இ ஒன்றை எடுத்து வைத்து, "33சியும் இதுவும் ஒன்றுதான் சேர், சி கொஞ்சம் பிந்தி வந்தது, அவ்வளவுதான்" என்றார். சேரின் கூட்டாளி ஒருவர் கொடுத்திருந்த கையேட்டை நான் பின்னேரங்களில் எழுத்தெழுத்தாகப் படித்திருந்தேன். "சேர், இது இ. அணைச்சா எல்லாம் போயிரும்" என்றேன். அதற்குக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தோட்டத்துப் பொடியனுக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீ பையைப் பிடிச்சிட்டு நில்லு" என்றார். சேர் ஒன்றும் பேசவில்லை. நாலைந்து படி புரோகிராம் போட்டார், ஓட்டிப் பார்த்தார், அணைத்தார், திரும்பப் போட்டார். போட்டதில் ஒன்றும் மிஞ்சவில்லை. கருவியைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, "இவன் சொன்னதுதான் சரி" என்று சொல்லி வெளியே நடந்தார். அப்புறம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் மூலம் 33சி கிடைத்தது, அதில் புரோகிராம் போடுகிற வேலை எனக்குத்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சரி, மற்ற எழுத்துகள். 1979இல் வந்த எச்பி-41சியில் 63 நினைவகப் பதிவுகள், அதாவது எண்ணையோ புரோகிராமையோ வைக்கும் இடங்கள். 41சிவியில் 319, ஏறக்குறைய ஐந்து மடங்கு, அந்த வி ரோம எண் ஐந்து. 1983இன் 41சிஎக்ஸில் கடிகாரமும் கூடுதல் நினைவகமும் உள்ளேயே வந்தன. 1990இல் வந்த 48எஸ்எக்ஸிலும் எக்ஸ் இருக்கிறது, அங்கே அது அட்டை செருகும் இரண்டு இடங்களைக் குறிக்கும், வெறும் 48எஸில் அந்த இடங்கள் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) கொம்பனியில் ஆரம்பத்து எஸ்ஆர்-50, எஸ்ஆர்-52 எல்லாம் நழுவுகோல் காலத்துப் பெயர்கள், எஸ்ஆர் என்றால் ஸ்லைடு ரூல், கல்குலேட்டருக்கு முன்னால் கணக்குப் போட்ட அந்த நழுவுகோல்தான். பிறகு வந்த டிஐ-58க்கு 480 படி, டிஐ-59க்கு 960 படி, புரோகிராமைச் சேமித்து வைக்கக் காந்த அட்டையும் உண்டு. ஆனாலும் அணைத்தால் 59 மறந்துவிடும். 1979இன் 58சி மறக்காது. எண் பெரிது என்று 59க்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேசியோவில் பி என்றால் புரோகிராம் எழுதலாம், எஃப்எக்ஸ்-3600பி மாதிரி, அதில் 38 படிதான். ஆனால் பி இல்லாவிட்டால் புரோகிராம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1985இல் வரைபடம் காட்டிய எஃப்எக்ஸ்-7000ஜியில் பி கிடையாது, புரோகிராம் உண்டு. புரோகிராம் கருவி கூடாத பரீட்சை மண்டபத்தில் எழுத்தை மட்டும் பார்த்து உள்ளே விடுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

பரீட்சை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அளவைப் பயிற்சிக்கு நான் விண்ணப்பித்தபோது நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கேயே கிடந்தது. என் கைக்கு வந்தபோது திகதி தாண்டிவிட்டது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது, எல்லோருடைய கடிதமும் அலுவலகத்துக்குத்தான் போகும், அங்கே யாருக்காவது மனம் வந்தால்தான் ஆள் கைக்கு வரும். வீட்டுக்கு ஒரு விலாசம் கொடுப்பது அவ்வளவு பெரிய வேலையா?

இனி, எச்பி-11சி, 12சி, 15சி எல்லாவற்றிலும் சி இருக்கிறதே, அங்கே எதை வேறுபடுத்துகிறது என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான், அந்த வரிசையில் சி இல்லாத கருவியே இல்லை, அதனால் எழுத்து வழக்கமாக நின்றுவிட்டது. 1981இல் வந்த 12சி இன்றும் அதே பெயரில் விற்கிறது. கேசியோவின் சிஎஃப்எக்ஸ்-9850ஜியில் முன்னால் வரும் சி வண்ணத் திரைக்கு. நான் சொல்வது, எழுத்தின் அர்த்தம் ஒவ்வொரு கொம்பனிக்கும், ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி. போனில் இந்தக் கருவிகளெல்லாம் செயலியாக இலவசமாக ஓடுகிறதே என்பவர்கள் ஓட்டிக்கொள்ளட்டும், கேட்டவர் கருவியை வாங்க நிற்கிறார்.

25 ஆனாலும் 25சி ஆனாலும் வாங்கினதும் ஒரு விஷயம் கவனியுங்கள். பற்றரி இல்லாமலோ செத்த பற்றரியோடோ சார்ஜரைச் செருகி ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கிற சில்லு எரிந்துபோகும். புது மின்கலம் போட்டு, இரண்டு படி எழுதி, அணைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 25சியில் எழுதியது நிற்கவில்லையென்றால், 25சிக்கான விலையைக் கொடுக்க வேண்டாம்.