மீன் லாரி சேஸிஸ் துரு: ஒட்டுப் போடலாமா, மாற்றலாமா?
அண்ணாச்சி, குளச்சலில் மீன் ஏற்றும் லாரியில் பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட் பக்கம் சேஸிஸ், அதாவது லாரியின் அடிச்சட்டம், துருப்பிடித்திருக்கிறது, பட்டறையில் ஒட்டுப் போட்டால் போதும் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் இரண்டு தகடு சேரும் இடுக்கில்தான் தங்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. சத்தம் மந்தமாகி, துரு ஏடு ஏடாக உதிர்ந்தால் தகட்டின் கனம் போய்விட்டது. குறுக்குச் சட்டம் ஒன்று மட்டும்தான் அரித்திருக்கிறது என்றால் சரி, அதை மட்டும் மாற்றலாம். நீளச் சட்டத்தில் பிராக்கெட் அருகிலேயே ஓட்டை என்றால், பாரம் இறங்கும் இடமே அதுதான். அரித்த இரும்பில் வெல்டிங் பிடிக்காது, ஓரத்திலேயே விரிசல் விடும். சேஸிஸையே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், சேஸிஸ் எண் அந்த நீளச் சட்டத்தில்தான் குத்தியிருக்கும். அதனால் மாற்றும் முன், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்குங்கள்.