கேள்வி பதில்: பன்றி வேட்டையும் வீட்டில் கெட்டித்த தோட்டாவும்

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு நானே வீட்டில் தோட்டா கெட்டிப்பது, அதாவது வெறும் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா செய்வது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கடையில் தோட்டா கிடைக்காதா? எதற்காக இவ்வளவு சிரமம்? (ஓர் ஆசிரியை, மதுரை)

கிடைக்கும் அம்மா. ஆனால் என் ரைபிளுக்கு வேண்டியது .45-70 என்ற பழைய அளவு. 1873-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா அது. 45 என்பது குண்டின் பருமன், அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. 70 என்பது அன்றைக்கு உள்ளே போட்ட கரிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் என்றால் நம் ஊர் ஆசாரி தராசில் வைத்த குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. குண்டு மட்டும் 405 கிரெயின், அதாவது 26 கிராம். மூன்று பவுனுக்கும் மேல் கனமான ஈயத்துண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெரிய தோட்டா ஒவ்வொன்றும் கடையில் பெரும்பாலும் இரண்டு டாலருக்குக் குறையாது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் வீட்டில் கெட்டித்தால் பாதிக்கும் கீழே வருகிறது. ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு. மிதமான மருந்தில், என் துப்பாக்கிக்குப் பொருந்துகிற குண்டில், ஒரே சீராக ஐம்பது தோட்டா செய்துகொள்ள முடிகிறது. தோள் வலிக்காத தோட்டா என்றால் நிறையப் பழகலாம். நிறையப் பழகினால்தான் பன்றி ஒரே அடியில் விழும். காயத்தோடு புதருக்குள் ஓடிய பன்றியை டார்ச் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது.

மருந்தை வீட்டில் வைத்துக் கெட்டிப்பது ஆபத்து இல்லையா? எப்படிச் செய்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், திருச்சி)

வேலை என்னவோ எளிதுதான் தம்பி. சுட்ட கூட்டைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் வைத்துப் பழைய அளவுக்கு அழுத்த வேண்டும். அதே அழுத்தத்தில் பழைய பிரைமர், அதாவது கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, கீழே விழுந்துவிடும். புது பிரைமர் வைத்து, கூட்டின் வாயைக் கொஞ்சம் அகட்டி, எடை பார்த்த மருந்தைப் போட்டு, குண்டை உட்கார வைத்து, வாயை மடக்கி இறுக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை கிரெயின் என்பதை மருந்துக் கம்பெனி அச்சிடும் கையேட்டில் மட்டும் பாருங்கள். நான் இங்கே எழுத மாட்டேன், நண்பர் சொன்னார் என்றும் போடாதீர்கள்.

ஆபத்து இருப்பது கவனம் சிதறும் அந்த ஒரு நிமிடத்தில். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி கராஜில் உட்கார்ந்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். அங்கே விடிகாலை. பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து, விட்ட இடம் என்று நினைத்த கூட்டிலிருந்து தொடர்ந்தேன். மறுநாள் சுடும் மைதானத்தில் ஏழாவதோ எட்டாவதோ தோட்டா. விசையை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், கதவைத் தட்டினால் கேட்குமே அந்த அளவுதான். தோளில் உதையே இல்லை. கை தானாக, தோட்டா மாற்றும் பிடியான லீவரை இறக்கி அடுத்த தோட்டாவை ஏற்றப் போனது. ஏதோ ஒன்று தடுத்தது. துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுக் குழலுக்குள் பார்த்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவில்லை.

ஒரு கூட்டில் மருந்தே போடாமல் விட்டிருக்கிறேன். பிரைமரின் பொறி மட்டுமே குண்டைத் தள்ளி, குழலுக்குள் ஒரு விரல் நீளத்தில் நிறுத்திவிட்டது. அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து இடது கை போயிருக்கும். வீட்டுக்கு வந்து பித்தளைக் கம்பியால் தட்டி அந்த ஈயத்தை வெளியே எடுத்தேன். ஒரு பக்கத்தில் கம்பியின் தழும்போடு இன்னும் மேஜை மேல் இருக்கிறது.

அதற்கப்புறம் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் கராஜுக்குப் போகிறேன். ஐம்பது கூடுகளையும் துளை போட்ட மரப்பலகையில் நிற்க வைத்து, எல்லாவற்றிலும் மருந்து போட்டபின், குண்டு வைப்பதற்கு முன், ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கூடு இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரம். சில மருந்துகள் அதில் பாதிகூட நிரம்பாது, இரண்டு முறை போட்டாலும் வெளியே தெரியாது. அதனால் பாதிக்கு மேல் நிரம்பும் மருந்தாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தவறி இரண்டு முறை போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்தைக் கூட்டிப் போட்டால்தான் பெரிய பன்றி விழும் என்று நண்பர் சொல்கிறார். சரியா? (மென்பொருள் பணியாளர், டாலஸ்)

முதலில் உங்களிடம் இருப்பது எந்தத் துப்பாக்கி என்று சொல்லுங்கள். .45-70-க்குக் கையேடுகளில் மூன்று தனித்தனிப் பட்டியல் இருக்கும். 1873-ன் பழைய ‘டிராப்டோர்’ துப்பாக்கிக்கு ஒன்று, மார்லின் 1895 போன்ற லீவர் ரைபிளுக்கு ஒன்று, ரூகர் நம்பர் ஒன் போன்ற உறுதியான துப்பாக்கிக்கு ஒன்று. மூன்றுக்கும் வெளியே தோட்டா ஒரே மாதிரிதான். மூன்றாவது பட்டியலில் செய்ததை முதல் துப்பாக்கியில் போட்டால் அது உடையும். அதனால் டப்பா மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் இன்னொன்று. லீவர் ரைபிளில் குழலுக்கு அடியில் உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு வைத்தால் உதைக்கும்போது முன்னால் இருப்பதைக் குத்தி வெடிக்க வைத்துவிடலாம். தட்டை மூக்குதான் வேண்டும்.

வேகத்தைப் பற்றி: பழைய மிதமான வேகத்தில் போகும் 405 கிரெயின் குண்டு, 100 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 200 கஜத்தில் சுமார் இரண்டு அடி கீழே இறங்கிவிடும். அவ்வளவு தூரம் எதற்கு? பன்றியை வரவழைக்க மக்காச்சோளம் தூவும் டப்பாவிலிருந்து 60 கஜத்தில், நம் பரண் மாதிரி ஒரு மரமேடையில் உட்கார்கிறேன். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் தோலுக்கடியில் கெட்டியான கவசம் இருக்கும். ஒன்றை அறுத்தபோது என் கட்டைவிரல் பருமன் இருந்தது, கத்தி வழுக்கிப் போனது. அந்தக் கனமான ஈயம் மிதமான வேகத்திலேயே அதைத் துளைத்து அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. கூட்டிப் போட்டால் உங்கள் தோள்தான் அதிகம் வாங்கும். அடுத்த முறை விசையை அழுத்தும்போது கண் தானாக மூடும், குறி தப்பும்.

வாயில்லா ஜீவனை ஏன் கொல்ல வேண்டும்? (இல்லத்தரசி, கோவை)

உங்கள் கேள்வியின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பன்றி அமெரிக்க மண்ணின் விலங்கே இல்லை. 1539-ல் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கப்பலில் பன்றிகளையும் கொண்டுவந்தார். பின்னாலும் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை தப்பிக் காடேறின. 1930-களில் வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்கிவிட்டார்கள். இரண்டும் கலந்துவிட்டன. டெக்சாஸில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் இருப்பதாகக் கணிக்கிறார்கள். சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்குமாம்.

எனக்கு இடம் தரும் விவசாயி மக்காச்சோளம் விதைத்த மறுநாள் காலை அவரோடு வயலுக்குப் போனேன். விதை போட்ட சாலிலேயே, ஒரு சால் விடாமல், மூக்கால் கோடு கிழித்த மாதிரி தோண்டி எல்லா விதையையும் தின்றிருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து, மீந்த இரண்டு விதையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். 2019 செப்டம்பரிலிருந்து அங்கே தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை.

எங்கள் தோட்டத்திலும் பன்றித் தொல்லை. நானும் இப்படிச் செய்யலாமா? இறைச்சியைச் சாப்பிடுவீர்களா? (விவசாயி, தென்காசி)

செய்யாதீர்கள் அண்ணாச்சி. ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. சுடுவது வனத்துறையின் வேலை. சேதத்தைப் படம் எடுத்து, இழப்பீட்டுக்கு அவர்களிடம் மனு கொடுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) பக்கம் போகவே போகாதீர்கள். பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் கிழிந்து, பல நாள் பட்டினி கிடந்து செத்த யானைகள் நம் மேற்குமலை அடிவாரத்திலேயே உண்டு.

சாப்பிடுவோம். ஆனால் கையுறை இல்லாமல் அறுக்க மாட்டேன். காட்டுப்பன்றியின் ரத்தத்திலிருந்து புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் மனிதருக்கு ஒட்டும். குண்டு போன வழியைச் சுற்றி ஒரு சாண் இறைச்சியை ஈயத்துக்குப் பயந்து வெட்டி எறிந்துவிடுவேன். மீதியை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தாண்டியதா என்று கம்பி வெப்பமானியைக் குத்திப் பார்த்துத்தான் என் மனைவி அடுப்பிலிருந்து இறக்குவார்.